கொரிய அறிஞர்களின் மை ஓவியக் கண்காட்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சியோல் நகரின் யோங்சான் பகுதியிலுள்ள தேசிய அருங்காட்சியகத்துக்கு நண்பர்களை அழைத்துச் செல்லும்போதெல்லாம், நான் முதலில் செய்த பிழைகளையே அவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்க்கிறேன். கண்ணாடியைத் தொடுவது போன்றவற்றை எல்லோரும் அறிவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

இடப்பக்கத்திலிருந்து தொடங்குவது

நீண்ட சுருளாக உள்ள ஓவியம் வலப்பக்கத்தில் தொடங்குகிறது.

படத்தைப் பார்த்துவிட்டு எழுத்தை விடுவது

இது எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. கொரிய அறிஞரும் எழுத்துக்கலைஞருமான கிம் ஜோங்-ஹுய் ஜெஜு தீவில் தீவாந்திரத் தண்டனை அனுபவித்தபோது 1844-இல் வரைந்த ‘சேஹான்தோ’ (குளிர்காலக் காட்சி) 2020-இல் நன்கொடையாக அருங்காட்சியகத்துக்கு வந்து, அந்தக் குளிர்காலத்தில் முழுச் சுருளாக விரித்து வைக்கப்பட்டது. எளிய வீடு ஒன்று, நான்கு மரங்கள், சுமார் 70 சென்டிமீட்டர் அகலம். ‘இவ்வளவுதானா’ என்று ஐந்தே நிமிடத்தில் நகர்ந்துவிட்டேன். சுருளோ 14 மீட்டருக்கும் அதிக நீளமுள்ளது.

பெய்ஜிங்கிலிருந்து அரிய நூல்களைத் தேடி அனுப்பிய மொழிபெயர்ப்பாளரும் சீடருமான யி சாங்-ஜோக்குக்காக வரையப்பட்ட படம் அது. கீழ்வலது மூலையிலுள்ள சிறு செந்நிற முத்திரை ‘நெடுநாள் ஒருவரையொருவர் மறவோம்’ என்கிறது. இடப்புறம் கட்டமிட்டு எழுதிய கடிதம், குளிர் வந்த பின்னரே பைனும் சைப்ரசும் கடைசியாக வாடுபவை என்று தெரியும் என்ற கன்பூசியஸின் வாக்கைச் சொல்லி, தன் பதவி போன பிறகும் மாறாத சீடனுக்கு நன்றி கூறுகிறது. யி சாங்-ஜோக் அதைப் பெய்ஜிங்குக்கு எடுத்துச் செல்ல, அங்கே 16 சீன அறிஞர்கள் தங்கள் வரிகளைச் சேர்த்தனர். பின்னாளில் 4 கொரியர்கள் சேர்த்தனர். நான் பார்க்காமல் வந்தது இத்தனையையும்.

எழுத்து படிக்கத் தெரியாதே என்பது சாக்கு. மரப்பட்டையில் உலர்ந்த தூரிகை உராய்ந்த தடத்தையும் கடிதத்தின் கோடுகளையும் மாறி மாறிப் பாருங்கள். இரண்டும் ஒரே கை என்பது புலப்படும்.

‘வெறும் மூங்கில்தானே’

பிளம், ஆர்க்கிட், சாமந்தி, மூங்கில் ஆகியவை அறிஞரின் நற்குணங்களுக்கு அடையாளமாக ‘நான்கு சான்றோர்’ எனப்படுபவை. தாவரம் அச்சாக இருக்கிறதா என்று தேடுவதைவிட, ஓர் இலை எங்கே அழுத்தித் தொடங்கி எங்கே மெலிந்து முடிகிறது என்பதைக் கவனியுங்கள்.

அடுத்த முறை பார்க்கலாம் என்பது

பழைய காகிதம் வெளிச்சத்தைத் தாங்காது என்பதால் படங்களை நெடுநாள் வெளியே வைப்பதில்லை. என் தவற்றை உணர்ந்து வசந்தத்தில் மீண்டும் சென்றேன். சுருளைக் கிடங்குக்கு எடுத்துச் சென்றிருந்தார்கள்.