வேலையையும் விடாமல் ரோடு ட்ரிப் சேனல் நடத்துவது எப்படி?

வேலைக்குப் போய்க்கொண்டே யூடியூபில் ரோடு ட்ரிப் சேனல் தொடங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது எந்தக் கேமரா வாங்கலாம், லீவு எப்படிச் சமாளிக்கலாம் என்பதைத்தான். லீவை எப்படியாவது சமாளித்துவிடலாம், வார விடுமுறையோடு ஒரு நாள் சேர்த்தாலே நல்ல பயணம் ஒன்று அமைந்துவிடும். கேமராவுக்கும் அவசரம் இல்லை, கையில் இருக்கிற போனிலேயே ஆரம்பிக்கலாம். சேனல் படுத்துவிடுவது திங்கட்கிழமைக்கு அப்புறம்தான். ஊர் சுற்றிவிட்டு வந்து, வேலையும் முடித்துவிட்டு, ராத்திரி ஒன்பது மணிக்கு லேப்டாப்பைத் திறந்தால் மலை மாதிரி ஃபுட்டேஜ் கிடக்கும். அதனால் வார நாட்களில் எடிட்டிங்குக்கு உண்மையிலேயே எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்பதை முதலில் எண்ணுங்கள். எவ்வளவு ஷூட் பண்ணலாம், மாதம் எத்தனை வீடியோ போடலாம் எல்லாமே அதை வைத்துத்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாரத்தில் நான்கு இரவு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் என்றால் 6 மணி நேரம். மூன்று நாள் பயணத்தில் நாளுக்கு நான்கு மணி நேரம் கேமராவை ஓடவிட்டால் 12 மணி நேர ஃபுட்டேஜ் சேரும். அதை ஒருமுறை முழுக்கப் பார்த்து முடிக்கவே இரண்டு வாரம் போய்விடும், அதுவரை ஒரு கட் கூடப் போட்டிருக்க மாட்டீர்கள். இடமும் சும்மா விடாது: நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே பதிவு செய்தால் மணிக்கு சுமார் 45 ஜிபி, ஆக இந்த ஒரு பயணத்துக்கே 540 ஜிபி. பலர் இரண்டாவது, மூன்றாவது வீடியோவோடு நிறுத்திவிடுவதற்கு ஆர்வக் குறைவு காரணம் இல்லை, இந்தக் கணக்குதான் காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

குறைவாக எடுங்கள், தெரிந்து எடுங்கள்

கிளம்புவதற்கு முன்பே வீடியோ என்ன கேள்விக்குப் பதில் சொல்லப்போகிறது என்று ஒரு வரியில் எழுதிவிடுங்கள். மழைக்காலத்தில் இந்த மலைப்பாதையில் சின்னக் கார் ஏறுமா? மின்சாரக் காரில் வழியில் ஒரே ஒரு முறை சார்ஜ் போட்டு இந்தத் தூரத்தைத் தாண்ட முடியுமா? இப்படி ஒரு வரி கையில் இருந்தால் எதற்கு ரெக்கார்ட் பட்டனை அழுத்த வேண்டும், எதற்கு வேண்டாம் என்று தானாகப் புரிந்துவிடும். ஏதாவது மாறும்போது மட்டும் எடுங்கள், அதாவது சாலை மாறும்போது, வானிலை மாறும்போது, போட்ட திட்டம் மாறும்போது. ஒரு ஷாட்டைப் பத்துப் பதினைந்து நொடி அசையாமல் பிடித்தால் போதும். நீளமான நேர்ச்சாலையை டைம்லாப்ஸில் (நீண்ட நேரத்தைச் சில நொடிகளாகச் சுருக்கிக் காட்டும் முறை) விட்டுவிடலாம்.

காருக்குள் கேமரா பொருத்தும்போது சில விஷயங்கள் பெரிய வித்தியாசம் காட்டும். டேஷ்போர்டில் கெட்டியாகப் பொருத்திய ஆக்‌ஷன் கேமராவில் ஸ்டெபிலைசேஷனை, அதாவது ஆட்டத்தைக் குறைக்கும் வசதியை, அணைத்துப் பாருங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் கார் குலுங்குவதையும் திரும்புவதையும் கேமராவின் ஆட்டம் என்று எடுத்துக்கொண்டு படத்தை இழுத்து இழுத்து ஆட்டும். முன் கண்ணாடியில் டேஷ்போர்டின் பிரதிபலிப்பு தெரிந்து படத்தைக் கெடுத்தால் லென்ஸில் போலரைசர் ஃபில்டர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் கண்ணாடி) மாட்டித் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். வெயிலில் நிறுத்திய காரில் கேமராவைக் கண்ணாடியோரம் விட்டுப் போகவே கூடாது, சூடேறி அணைந்துவிடும், பேட்டரிக்கும் கேடு. அப்புறம், கிளம்பும் முன் போன், ஆக்‌ஷன் கேமரா, ட்ரோன் எல்லாவற்றிலும் கடிகாரத்தை ஒரே நேரத்துக்கு வைத்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலைதான், ஆனால் எல்லா க்ளிப்பும் நேர வரிசையில் தானாக வந்து உட்காரும், எது எதற்கு முன்னால் நடந்தது என்று ஒரு ராத்திரி முழுக்கத் தேட வேண்டியிருக்காது.

ஓட்டுகிறவர் கேமராவைத் தொடக் கூடாது. இதில் சமரசமே வேண்டாம், தனியாகப் போகிறவர் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திய பிறகுதான் பட்டனை அழுத்த வேண்டும். வேலை பார்க்கிறவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்த கையோடு இரவில் கிளம்பினால் ஒரு நாள் மிச்சம் என்று தோன்றும். தொடர்ந்து 17 முதல் 19 மணி நேரம் விழித்திருப்பவர், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவருக்கு இணையாகத் தடுமாறுகிறார் என்று ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். காலை ஆறு மணிக்கு எழுந்தவருக்கு இரவு பதினொன்றுக்கே 17 மணி நேரம் ஆகிவிடுகிறது. தூங்கிவிட்டுச் சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்புங்கள், காலை வெளிச்சத்தில் படமும் நன்றாக வரும்.

பயணத்தின் ஒவ்வொரு இரவும் அரை மணி நேரம்

என்னைக் கேட்டால் சேனலைக் காப்பாற்றுவது இந்த அரை மணி நேரம்தான். தங்குமிடம் போனதும் கார்டில் இருப்பதை ஹார்டு டிஸ்குக்கு மாற்றுங்கள், முடிந்தால் இரண்டு பிரதி எடுத்து இரண்டையும் வெவ்வேறு பையில் வையுங்கள். காப்பி ஆகிற நேரத்தில் அன்றைய க்ளிப்களை ஓட்டிப் பார்த்து நல்லதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், உதவாததை அங்கேயே அழித்துவிடுங்கள். பிறகு நிறுத்தியிருக்கும் காருக்குள் போய் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றி, ஏசியை அணைத்துவிட்டு, அன்று நடந்ததைப் போனில் பத்து நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். சீட் துணியும் மெத்தையும் எதிரொலியை விழுங்கிவிடுவதால் காரைவிட நல்ல ஒலிப்பதிவு அறை பயணத்தில் கிடைப்பது கஷ்டம். எந்த வளைவில் பயந்தீர்கள், எங்கே வழி தவறிப்போய்த் திரும்பினீர்கள் என்பதெல்லாம் அன்றைக்கே சொன்னால்தான் உயிரோடு இருக்கும். இரண்டு வாரம் கழித்து நினைவிலிருந்து எழுதினால் ‘ரொம்ப அழகான இடம்’ என்பதைத் தாண்டி எதுவும் வராது. இந்தப் பதிவுதான் உங்கள் ஸ்கிரிப்ட், பல இடங்களில் அதுவே வாய்ஸ் ஓவராகவும் ஆகிவிடும்.

வார நாட்களில் ஒரு இரவுக்கு ஒரே வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் க்ளிப் தேர்வு, ஒரு நாள் வாய்ஸ் ஓவர், அடுத்த இரண்டு நாள் வெட்டி ஒட்டுவது. அரை மணி நேரம்தான் கிடைக்கிறது என்றால் க்ளிப்களை வெட்டி அடுக்கும் டைம்லைனைத் திறக்காதீர்கள். விட்ட இடத்தைப் பிடிக்கவே அந்த நேரம் போய்விடும். அதைத் தலைப்பு, தம்ப்நெயில், சாப்டர் போன்றவற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். யூடியூபில் சாப்டர், அதாவது வீடியோவைத் தலைப்பு வாரியாகப் பிரிக்கும் நேரக் குறிப்புகள், வேலை செய்ய முதல் நேரம் 0:00 என்று தொடங்க வேண்டும், குறைந்தது மூன்று இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் 10 நொடியாவது நீள வேண்டும். லேப்டாப் திணறினால் ப்ராக்ஸி (அதே க்ளிப்பின் லேசான, சின்னப் பிரதி) உருவாக்கி அதில் எடிட் பண்ணுங்கள், டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே அந்த வசதி இருக்கிறது. ப்ராக்ஸி தயாராகிற வேலையைத் தூங்கப் போகும்போது ஓட விட்டுவிடலாம். போனில் எடுத்ததில் போகப் போக உதடும் குரலும் சேராமல் போனால் ஃப்ரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) ஏறி இறங்குவது காரணமாக இருக்கலாம், நிலையான ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றிவிட்டு எடிட்டிங்கில் சேருங்கள். பின்னால் எங்கோ ஒலிக்கிற பாட்டு ஷாட்டில் பதிவாகியிருந்தால் அந்த இடத்து ஒலியை எடுத்துவிடுவது நல்லது, இல்லையென்றால் உரிமையுள்ள பாட்டைக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடி பிடித்து அந்த வீடியோவின் வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போய்விடலாம்.

முதல் வீடியோவை வெளியிடும் முன் குறைந்தது இரண்டை முடித்துக் கையில் வைத்திருங்கள். ஷெட்யூல் போட்டுவிட்டால் வேலை நெருக்கும் வாரத்திலும் வீடியோ தானாக வெளிவரும். மாதத்துக்கு இரண்டு என்பதே முழுநேர வேலைக்காரருக்குக் கனமான வேகம்தான், ஒன்றே போட்டாலும் தேதி தவறாமல் போடுவது மேல். ஒரே பயணத்திலிருந்து செலவு விவரம், சாலை நிலவரம், வண்டியில் என்னென்ன எடுத்துப் போனோம் என்று தனித்தனி வீடியோ பிரிக்கலாம். தலைப்பில் வழியின் பெயரும் போன மாதமும் இருக்கட்டும், அதே வழியில் போக நினைப்பவர்கள் ரொம்ப நாள் கழித்தும் தேடி வருவார்கள்.

ஆபீஸ் விஷயத்தை முதல் நாளே தீர்த்துக்கொள்ளுங்கள். வேலை ஒப்பந்தத்தில் வெளி வருமானம், வெளி வேலை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள், அனுமதி வேண்டுமென்றால் எழுத்தில் வாங்குங்கள். அரசு ஊழியர்களுக்குப் பல இடங்களில் விதி இன்னும் கடுமை. ஆபீஸ் லேப்டாப்பையோ ஆபீஸ் மென்பொருளையோ சேனல் வேலைக்குத் தொடவே தொடாதீர்கள். உடம்பு சரியில்லை என்று லீவு போட்டுவிட்டு மலை ஏறினால் அடுத்த மாதம் வீடியோவே சாட்சி சொல்லும். கமெண்டுக்குப் பதில் போடுவதையும் வேலை நேரத்துக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, வீட்டு வாசலில் இருந்து வீடியோவை ஆரம்பிக்காதீர்கள், சில கிலோமீட்டர் தள்ளிப் போய் ஆரம்பியுங்கள். தங்கிய இடத்தைக் காலி பண்ணிய பிறகே அதைப் பற்றிப் போடுங்கள்.

பணத்தைப் பற்றியும் பேசிவிடலாம். யூடியூபில் விளம்பர வருமானத்துக்கு 1,000 சப்ஸ்கிரைபரும், கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அந்த மணி நேரத்துக்குப் பதிலாக 90 நாளில் ஷார்ட்ஸுக்கு (யூடியூபின் குட்டி வீடியோக்கள்) ஒரு கோடி வ்யூஸ் வந்தாலும் போதும். ஷார்ட்ஸ் ஃபீடில் பார்த்த நேரம் அந்த 4,000 மணியில் சேராது. 4,000 மணி என்பது 2,40,000 நிமிடம், ஒருவர் சராசரியாக நான்கு நிமிடம் பார்த்தால் 60,000 வ்யூஸ். மாதம் ஒரு வீடியோ போடுகிறவருக்கு இது சும்மா வந்துவிடாது. ஆகவே எப்படியும் போகப்போகிற பயணங்களுக்கு மட்டும் செலவு செய்யுங்கள், சேனல் பணம் தரும் என்று நம்பிக் கடனில் ட்ரோன் வாங்காதீர்கள்.

சில மாதம் வேலை மொத்த நேரத்தையும் தின்றுவிடும். அப்போது புதிதாக ஷூட் பண்ணாதீர்கள். முந்தைய பயணத்தின் வீடியோ வெளியே போகும்வரை புது ஃபுட்டேஜ் சேரக் கூடாது என்று வைத்துக்கொண்டால் குவியல் ஒருநாளும் கைமீறாது. நடுவில் ஊர் சுற்ற ஆசை வந்தால் தாராளமாகப் போங்கள், கேமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். கூட வருகிறவர்களும் சந்தோஷப்படுவார்கள், அவர்கள் பாதி நேரம் நீங்கள் ஷாட் வைத்து முடிப்பதற்காகவே காத்து நின்றிருப்பார்கள்.