விவேகி என்று எழுத நினைத்துச் சாமர்த்தியசாலி என்று எழுதுகிறவர்களுக்கு

கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்து ஊர்களிலிருந்து வரும் விழா மலர்களுக்கும் நினைவு மலர்களுக்கும் பிழை திருத்தும் வேலையில், புதிதாக எழுத வருகிறவர்கள் ஒரே இடத்தில் தடுமாறுவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். நல்லது கெட்டது தெரிந்து, யோசித்து நடந்துகொண்ட ஒருவரைப் பாராட்ட வேண்டிய இடத்தில், அகராதியில் அருகருகே நிற்கும் சொற்களுள் ஏதேனும் ஒன்றை எடுத்து வைத்துவிடுகிறார்கள். ஒற்றுப் பிழைகளைப் பற்றி இங்கே எழுதவில்லை. அவற்றை யாரும் திருத்திவிடலாம்.

கணக்குக்கும் பணத்துக்கும் அருகில் ‘சாமர்த்தியம்’

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். ஓர் ஊரின் குடமுழுக்கு மலரில், திருப்பணிப் பொறுப்பை ஏற்றிருந்த பெரியவரைப் பற்றி ‘நன்கொடைக் கணக்கைச் சாமர்த்தியமாகக் கையாண்டவர்’ என்று அச்சாகிவிட்டது. எழுதிய இளைஞருக்கு அவர்மீது உண்மையான மதிப்பு இருந்தது. படித்தவர்களுக்கோ, பெரியவர் பணத்தில் கைவைத்துவிட்டு அதை வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டார் என்றே பொருள்பட்டது. அவருடைய பிள்ளைகள் மலரை வாங்க மறுத்துவிட்டார்கள். கட்டி வைத்திருந்த பிரதிகளையெல்லாம் பிரித்து, அந்த வரியின்மேல் தாள் ஒட்ட வேண்டியதாயிற்று.

சாமர்த்தியம் என்பது நினைத்த காரியத்தை முடிக்கும் திறனை மட்டுமே சொல்கிறது. அந்தக் காரியம் தக்கதா என்று அது கேட்பதில்லை. அதனால்தான் பேச்சு, வியாபாரம், தேர்தல், கணக்கு ஆகியவற்றின் அருகில் வந்தவுடன் அதன்மேல் சூழ்ச்சியின் சாயல் படிந்துவிடுகிறது. ‘விவரமானவர்’, ‘நெளிவு சுளிவு தெரிந்தவர்’ ஆகியவற்றையும் இதே எச்சரிக்கையோடுதான் கையாள வேண்டும். விவேகம் வேறு; எதைச் செய்யலாம், எதை விடலாம் என்று பிரித்தறிவதே அதன் அடிப்படைப் பொருள். அந்தப் பெரியவர் ஒவ்வொரு செலவையும் தாளில் எழுதிக் கோயில் வாசலில் ஒட்டி வைத்தவர். அதையே எழுதியிருந்தால் எந்த அடைமொழியும் தேவைப்பட்டிருக்காது.

பகுத்தறிவு

பிரித்துப் பார்த்தால் விவேகத்துக்கு நேரான சொல்லாகத்தான் தோன்றும். ஆனால் 1925-இல் தொடங்கிய சுயமரியாதை இயக்கத்துக்குப் பிறகு, மூடநம்பிக்கையை மறுக்கும் கொள்கையின் பெயராகவே அது நிலைபெற்றுவிட்டது. அந்த இயக்கத்துக்குச் செல்வாக்கு மிகுந்த திருவாரூர், தஞ்சை வட்டாரங்களில் ‘பகுத்தறிவுள்ள மருமகள்’ என்று எழுதினால், வரவறிந்து குடும்பம் நடத்துகிறவர் என்று ஒருவரும் புரிந்துகொள்ளமாட்டார்கள்.

சமர்த்து

குழந்தைகளுக்கு மட்டும்.

படிப்பும் அறிவும்

திருக்குறளில் கல்வி 40-ஆம் அதிகாரம். அறிவுடைமை 43-ஆம் அதிகாரம். வள்ளுவரே இரண்டையும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறார். பட்டங்களை வரிசையாக எழுதிவிட்டு ‘ஆகவே அறிவுடையவர்’ என்று முடிக்க வேண்டாம்.

நிதானமும் முன்யோசனையும்

மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைக் கவனித்து, வழக்கமான நாளாகிய ஜூன் 12-இல் தண்ணீர் திறக்க வழியில்லை என்று தெரிந்ததும், குறுவைக்கு நாற்று விடாமல் சம்பாவுக்கு விதை தேடி வைக்கிறவரிடம் இருப்பது முன்யோசனை. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று ஊரே பரபரக்கும்போதும், அது கடைமடைக்கு வந்து சேரும்வரை பொறுத்திருந்து உழவைத் தொடங்குகிறவரிடம் இருப்பது நிதானம். முன்னவரை ‘நிதானமானவர்’ என்று மட்டும் எழுதினால், வேலையில் மந்தமானவர் என்று படிக்கவும் இடமுண்டு. 429-ஆம் குறள் ‘எதிரதாக் காக்கும் அறிவினார்’ என்று சொல்வது அவரைப் போன்றவர்களைத்தான். பொறுமையைப் பாராட்டும் கட்டுரைகளில் அந்தக் குறளைக் கண்டால் நான் நீக்கிவிடுகிறேன்.