ரோட்ஸ் கோட்டை நகரத்தில் ஒரு பகல்: கப்பலிலிருந்து இறங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரேக்கத்தின் ரோட்ஸ் தீவில் குரூஸ் கப்பல் வந்து நிற்கும் துறைக்கும் கோட்டை மதிலுக்கும் நடுவே பத்து, பதினைந்து நிமிட நடைதான். நான்கு கிலோமீட்டர் நீள மதில், அதற்குள் ஏறத்தாழ இருநூறு தெருக்கள், அந்தத் தெருக்களில் இன்றும் துணி காயப்போட்டுக் குடியிருக்கும் மக்கள். 1988-இல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இருந்தும் மாலையில் கப்பலுக்குத் திரும்புகிறவர்களில் பலர் சொல்வது, "ஒரே கூட்டம், எங்கே பார்த்தாலும் கடை" என்பதுதான். கேட்கும்போது எனக்கு மனசு வலிக்கும். எந்த வாசலில், எத்தனை மணிக்கு நுழைகிறோம் என்பதைக் கொஞ்சம் மாற்றினால் போதும், வேறொரு ஊரே கண்ணில் படும்.

முதல் தவறு, முன்னால் போகிறவர்கள் பின்னாலேயே போவது. கப்பலிலிருந்து இறங்கும் கூட்டத்தில் பெரும்பகுதி கடல் வாசல் வழியாக உள்ளே போகும். அது நேராக ஹிப்போகிரட்டீஸ் சதுக்கத்தில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து மேலேறுவது சாக்ரட்டீஸ் தெரு, அதாவது கடைத்தெரு. ஒரே நாளில் இரண்டு மூன்று கப்பல் வந்துவிட்டால் காலை பத்து மணிக்கே அங்கே தோளோடு தோள் இடிக்கும். அதற்குப் பதிலாகப் புனித காதரீன் வாசல் வழியாக நுழையுங்கள். கூட்டம் குறைவு. கப்பல் துறைக்கும் அது பக்கம்தான்.

அந்த வாசலுக்குள் வருவது பழைய யூதர் குடியிருப்பு. இதைத் தாண்டி ஓடிவிடுவதை நான் பெரிய தவறாகவே நினைக்கிறேன். ஸ்பெயினிலிருந்து 1492-இல் துரத்தப்பட்ட யூதர்களின் வழிவந்தவர்கள், லடீனோ என்ற பழைய ஸ்பானிய மொழியைப் பேசிக்கொண்டு, நானூறு ஆண்டுகளுக்கு மேல் இங்கே வாழ்ந்தார்கள். 1944 ஜூலையில் ஜெர்மானியர்கள் அவர்களைக் கப்பலேற்றி ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பினார்கள். 1,600 பேருக்கும் மேல் போனார்கள், பிழைத்தவர்கள் சுமார் 150 பேர். கடற்குதிரை நீரூற்று இருக்கும் சதுக்கத்துக்கு யூதத் தியாகிகள் சதுக்கம் என்று பெயர். நினைவுத் தூண் அங்கேதான் நிற்கிறது. பக்கத்துச் சந்தில் 1577-இல் கட்டிய கஹால் ஷாலோம் தொழுகைக் கூடம், கிரேக்கத்தில் இன்றும் பயன்பாட்டில் இருப்பவற்றில் மிகப் பழையது. தரையில் கருப்பு வெள்ளைக் கூழாங்கல்லைப் பதித்துக் கோலம் போல வடிவம் செய்திருக்கிறார்கள். சனிக்கிழமை ஓய்வு நாள், பார்வையாளர்களுக்குத் திறக்காது. அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஹிப்போகிரட்டீஸ் சதுக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் கூட்டத்துக்கு, நான்கு சந்து தள்ளி இது இருப்பதே தெரியாது.

அடுத்து, வீரர்கள் தெரு. இங்கே மக்கள் செய்யும் தவறு, படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுவது. இருநூறு மீட்டர் நீளமுள்ள கல் பாவிய தெரு, அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் இந்த ஊரின் கதையே அதில்தான் இருக்கிறது. 1309 முதல் 1522 வரை ரோட்ஸை ஆண்டவர்கள் புனித யோவான் சபை என்ற கிறிஸ்தவச் சபையின் போர்வீரர்கள். ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து வந்த அவர்கள் பேசும் மொழியை வைத்துப் பிரிந்திருந்தார்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் 'நாக்கு' என்றே பெயர். பிரான்ஸ், ப்ரோவான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் என்று பல நாக்குகளுக்கு இந்தத் தெருவில் விடுதிகள். கதவுக்கு மேலே கல்லில் செதுக்கிய குலச்சின்னங்களை நின்று பாருங்கள். பிரெஞ்சு விடுதிதான் எல்லாவற்றிலும் அலங்காரமானது. மதிலையும் இப்படியே பங்கு போட்டிருந்தார்கள், இந்த நாக்கு இந்த இடத்தைக் காக்க வேண்டும் என்று. அதைத் தெரிந்துகொண்டு நடந்தால் தெருவும் மதிலும் ஒன்றோடொன்று பேச ஆரம்பிக்கும்.

தெருவின் மேல் முனையில், சபையின் தலைவரான கிராண்ட் மாஸ்டரின் அரண்மனை. அதைப் பார்த்து "ஆகா, அறுநூறு வருஷத்துக் கட்டடம்!" என்று மலைத்துப்போவது பலருக்கும் நேர்வது. அசல் கட்டடத்தை 1856-இல் நடந்த வெடிமருந்து விபத்து சிதைத்துவிட்டது. இன்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி, தீவை அப்போது ஆண்ட இத்தாலியர்கள் 1937 முதல் 1940 வரை எழுப்பியது. உள்ளே தரையில் இருக்கும் அழகான மொசைக் ஓவியங்கள் பக்கத்துத் தீவான கோஸிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தவை. அரண்மனையைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் தெருவின் கீழ் முனையில் இருக்கும் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்குப் போங்கள் என்பேன். அது அந்த வீரர்களே நடத்திய மருத்துவமனை, 1440-இல் தொடங்கி 1489-இல் முடித்தது. மாடியில் நோயாளிகள் படுத்திருந்த நீண்ட கூடம் அப்படியே இருக்கிறது. சபை தொடங்கியதே நோயாளிகளைப் பராமரிக்கத்தான், வாள் எல்லாம் அப்புறம் வந்தது. மண்டியிட்டுக் கூந்தலை இரு கையாலும் விரித்துக் காயவைக்கும் காதல் தெய்வம் அஃப்ரோடைட்டியின் சின்னப் பளிங்குச் சிலையும் இங்கேதான் இருக்கிறது.

வயதானவர்களோடு போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீரர்கள் தெரு, அருங்காட்சியகத்திலிருந்து அரண்மனை வரை ஏற்றம். கீழிருந்து மேலே போனால் அப்பா அம்மாவுக்கு மூச்சு வாங்கும். மதிலுக்கு வெளியே டாக்ஸி பிடித்து மேல்பக்கத்து அம்புவாஸ் வாசலில் இறங்கிக்கொண்டால் நாள் முழுக்க இறக்கத்திலேயே நடக்கலாம். செருப்பு விஷயத்திலும் அலட்சியம் வேண்டாம். இங்கே பல சந்துகளில் கூழாங்கல்லைச் செங்குத்தாக நட்டுப் பாவியிருக்கிறார்கள். மெல்லிய அடிப்பாகமுள்ள செருப்பு போட்டால் ஒவ்வொரு கல்லும் பாதத்தில் தெரியும், ஈரமானால் வழுக்கும். குழந்தை வண்டி தள்ளுவதும் சிரமம். கோடையில் பதினொரு மணிக்கு மேல் திறந்த சதுக்கங்களில் நிற்க முடியாது. தெற்குப் பக்கத்துச் சந்துகளுக்குள் போய்விடுங்கள். நிலநடுக்கத்தில் வீடுகள் சாயாமல் இருக்க எதிரெதிர் சுவர்களைத் தாங்கும்படி கல் வளைவுகள் கட்டியிருக்கிறார்கள், அவற்றின் கீழே நிழல் நன்றாகக் கிடைக்கும். பூனைகளும் அங்கேதான் படுத்திருக்கும்.

சரி, லிண்டோஸ். ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, மலை உச்சியில் அக்ரோபோலிஸ் என்ற பழங்காலக் கோட்டை, கீழே வெள்ளை வீடுகள். அருமையான இடம்தான். நான் முதல் முறை வந்தபோது காலையில் அங்கே போய்விட்டு மதியம் கோட்டை நகரத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். பஸ்ஸுக்குக் காத்திருந்தது, போக வர ஆன நேரம், உச்சி வெயிலில் ஏறிய படிகள் எல்லாம் சேர்ந்து கோட்டைக்கு மிஞ்சியது ஒரு மணி நேரம். எட்டு மணி நேர நிறுத்தத்தில் இரண்டையும் திணிக்காதீர்கள். லிண்டோஸ்தான் வேண்டும் என்றால் அதற்கே முழு நாளையும் கொடுங்கள், முடிந்தால் கப்பல் நிர்வாகம் நடத்தும் சுற்றுலாவில் போங்கள். அந்த வண்டி தாமதமானால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும். நீங்களாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது.

கொலோசஸ் சிலையைத் தேடி அலைவதும் வீண். உலக அதிசயங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்ட அந்த வெண்கலச் சிலை கி.மு. 226-ஐ ஒட்டி வந்த நிலநடுக்கத்தில் விழுந்துவிட்டது, ஒரு துண்டும் மிச்சமில்லை. மாண்ட்ராகி துறைமுக வாயிலில் தூண் மேல் இரண்டு மான் சிலைகள் நிற்கும். கொலோசஸ் அங்கே இரு கரையிலும் கால் ஊன்றி நின்றது என்பது பின்னால் கட்டிய கதை.

சாப்பாட்டில் ஏமாறுவது பெரும்பாலும் ஹிப்போகிரட்டீஸ் சதுக்கத்தைச் சுற்றித்தான். வாசலில் நின்று கையைப் பிடிக்காத குறையாக அழைப்பார்கள். விலை போட்ட பட்டியலைப் பார்க்காமல் உட்காராதீர்கள். மீனுக்குக் கிலோ கணக்கில்தான் விலை, எடை போட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ரசீது தராவிட்டால் பணம் தர வேண்டியதில்லை என்பது கிரேக்கச் சட்டம். சைவம் சாப்பிடுகிறவர்கள் 'பிதரூதியா' இருக்கிறதா என்று கேளுங்கள். கொண்டைக்கடலையோடு வெங்காயமும் புதினாவும் சேர்த்துப் பொரித்தெடுக்கும் இந்தத் தீவின் பலகாரம், நம் மசால் வடைக்கு ஒன்றுவிட்ட தங்கை.

பயணம் தொடங்கும் முன்பே செய்துவிடும் தவறு ஒன்று உண்டு. இந்தியப் பாஸ்போர்ட்டில் போகிறவர்கள் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவை ஒருமுறை மட்டும் நுழையும்படி எடுத்துவிடுகிறார்கள். ஏதென்ஸில் ஏறும் கப்பல் நடுவில் துருக்கியின் குசாதாசிக்குப் போய்விட்டு ரோட்ஸுக்கு வந்தால், ஷெங்கனை விட்டு வெளியேறி மறுபடி நுழைகிறீர்கள். பலமுறை நுழையும் விசா அவசியம்.

போனையும் கவனியுங்கள். துருக்கிக் கரை இங்கிருந்து சுமார் 18 கிலோமீட்டர்தான். கிரேக்கத்துக்கு என்று ரோமிங் போட்டிருந்தாலும் கரையோரம் நிற்கும்போது போன் துருக்கி நெட்வொர்க்கில் ஒட்டிக்கொள்ளும், பில் எகிறும். நெட்வொர்க்கைக் கையாலேயே தேர்வு செய்துவிடுங்கள். குளிர்காலத்தில் துருக்கி நேரம் கிரேக்க நேரத்தைவிட ஒரு மணி முன்னால் ஓடும், போன் கடிகாரமும் கூடவே மாறிவிடும். அதனால் கப்பல் நேரத்துக்கு வைத்த சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்று கட்டிக்கொள்ளுங்கள். கப்பல் கிளம்பும் நேரமும், எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரமும் ஒன்றல்ல. இரண்டாவதைத்தான் மனதில் வைக்க வேண்டும், பெரும்பாலும் அது அரை மணி நேரம் முன்னதாக இருக்கும்.

கடைசி ஒரு மணி நேரத்தைக் காந்தப் பொம்மைக்கும் திருஷ்டிக் கண்ணாடிக்கும் கொடுத்துவிடாதீர்கள். அதை அகழிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இல்லாத, புல் முளைத்த அகலமான பள்ளம், கட்டணம் கிடையாது. அம்புவாஸ் வாசல் பக்கம் இறங்கி நடந்தால் ஸ்பெயின், இங்கிலாந்து, ப்ரோவான்ஸ், இத்தாலி நாக்குகள் காத்த மதில் பகுதிகள் வரிசையாக வரும். 1480-இலும் 1522-இலும் துருக்கியர் முற்றுகையில் உருண்ட கல் குண்டுகள் புல்லுக்குள் கிடக்கும். இரண்டாவது முற்றுகை ஆறு மாதம் நீடித்தது. தோற்ற வீரர்களைச் சுல்தான் சுலைமான் உயிரோடு போகவிட, 1523 ஜனவரி முதல் நாள் அவர்கள் கப்பலேறினார்கள். பாதை அகாந்தியா வாசல் அருகே வெளியே வரும். அங்கிருந்தே உங்கள் கப்பலின் புகைபோக்கி தெரியும்.