ரங்கூன் பழைய தெருவில் கட்டட முகப்பைச் சீர்செய்வது எப்படி

1852க்குப் பிறகு கட்டம் கட்டமாக வகுத்த ரங்கூன் நடுநகரில், பழைய செங்கல் கட்டடங்கள் பலவற்றைக் கெடுப்பது மழை மட்டுமல்ல, மேலே அப்பிய சிமெண்டும்தான். சுவருக்குள் போன ஈரத்தைச் சிமெண்ட் வெளியே விடாது. உப்பு பூத்து, செங்கல் மாவாக உதிரும்.

முதலில் கூரையையும் மழைநீர்க் குழாயையும் பாருங்கள். குழாய் எல்லா மாடிக்கும் பொது என்பதால் எல்லா வீட்டாரும் சம்மதிக்க வேண்டும். பாதி வேலை இதுதான். சுவரில் முளைத்த அரசஞ்செடியைப் பிடுங்காதீர்கள், செங்கல்லும் சேர்ந்து வரும். வேரை விட்டுத் தண்டை மட்டும் அடியில் வெட்டி, வெட்டுவாயில் களைக்கொல்லி தடவி, வேர் பட்டபின் எடுங்கள்.

மழை ஓய்ந்து நவம்பரில் பூச்சைத் தொடங்கலாம். சிமெண்டைச் சிற்றுளியால் மெல்லக் கொத்தி எடுங்கள், மின்சுத்தியல் வேண்டாம். செங்கல் இடுக்குகளை 20 மி.மீ. ஆழம் சுரண்டி, சுவரை நனையுங்கள். தண்ணீர் விட்டு நீற்றி, ஊறவைத்துப் புளித்த சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த ஆற்றுமணல் மூன்று பங்கு. கலவை கரணையில் ஒட்டி நிற்க வேண்டும்; வழிந்தால் தண்ணீர் அதிகம்.

ஒரு பூச்சு 10 மி.மீ. தாண்டக் கூடாது. கட்டைவிரல் நகம் பதியாத அளவு இறுகியபின் அடுத்தது. ஈரச் சாக்கு தொங்கவிட்டு ஒரு வாரமாவது வெயில் படாமல் காக்கவும். அவசரப்பட்டால் மயிரிழை விரிசல் நிச்சயம். மேலே பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் பட்ட பாடெல்லாம் வீண். நீர்த்த சுண்ணாம்பை நான்கைந்து முறை மெல்லிசாக அடியுங்கள்.