கடையையோ பட்டறையையோ பசுமையா மாத்தப் போறீங்களா? இந்த தவறுகள மட்டும் பண்ணிடாதீங்க

ஜவுளிக்கடை, மெஸ், தையல் யூனிட், லேத் பட்டறைனு சின்னதா ஒரு தொழில் வெச்சிருக்கவங்க கரண்ட் பில் தாங்காம "நாமளும் பசுமையா ஏதாச்சும் பண்ணுவோம்"னு கிளம்பினா, முதல்ல போய் நிக்கிறது சோலார்காரங்க கிட்ட தான். இதுல தான் முதல் தவறே ஆரம்பிக்குது. வெயில் உள்ள வர்றத முதல்ல தடுக்கணும், அடுத்து வீணா போற கரண்ட்ட நிறுத்தணும், பேனல் மூணாவது தான். வரிசைய மாத்தினா ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்துற கதை தான்.

ஒரு கணக்கு பாருங்க. பழைய சீலிங் ஃபேன் ஒண்ணு சுமாரா 75 வாட் இழுக்கும், கரண்ட் கம்மியா இழுக்கிற மோட்டார் வெச்ச பிஎல்டிசி ஃபேன் 30 வாட் பக்கம் தான். 8 ஃபேன் தினம் 10 மணி நேரம் ஓடுற தையல் யூனிட்ல இத மாத்தினாலே ஒரு நாளைக்கு மூணரை யூனிட் மிச்சம். 1 கிலோவாட் சோலார் போட்டா நம்ம ஊர் வெயில்ல கிடைக்கிறது நாளைக்கு சராசரி 4 யூனிட். அதாவது ஃபேன் மாத்துறது மட்டுமே கிட்டத்தட்ட 1 கிலோவாட் பேனல் போட்ட மாதிரி, செலவு அதுல பாதி கூட வராது. இத யாரும் வந்து சொல்ல மாட்டாங்க, ஏன்னா ஃபேன்ல பெருசா லாபம் இல்ல.

அடுத்தது மொட்டை மாடி. ஒரு மாடி கட்டடமா இருந்தா சூடு பெரும்பாலும் மேல இருந்து தான் இறங்குது. சித்திரை மாசம் ராத்திரி எட்டு மணிக்கு ஏணி போட்டு ஏறி சீலிங்க தொட்டுப் பாருங்க, சூரியன் மறைஞ்சு ஒன்றரை மணி நேரம் ஆகியும் கை சுடும். பகல் முழுக்க வாங்கி வெச்ச சூட்ட கான்கிரீட் ராத்திரி வரைக்கும் உள்ள விட்டுட்டே இருக்கும், நம்ம ஏசி அதோட தான் மல்லுக்கட்டுது. இதுக்கு வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட்டோ, கூலிங் டைல்ஸோ, உடைஞ்ச வெள்ளை டைல்ஸ் பதிக்கிறதோ நல்லாவே வேலை செய்யும். ஆனா சுவருக்கு அடிக்கிற சாதா டிஸ்டெம்பர வாங்கி மாடியில அடிச்சுடுறாங்க, அது ஐப்பசி மழைக்கே கரைஞ்சு போகும். விரிசல அடைக்காம மேல பூசுறது இன்னொண்ணு, பெயின்ட்டும் போகும், ஒழுகலும் நிக்காது. நல்ல பெயின்ட்டே அடிச்சாலும் அதுல தூசி படிஞ்சு பழுப்பாயிட்டா பாதி பலன் போச்சு, அதனால வருஷா வருஷம் மாசி பங்குனியில ஒரு தடவ கழுவி விடுங்க.

தகர ஷீட் கூரைக்கு கீழ பட்டறை ஓட்டுறவங்க மேல சுத்துற டர்போ வென்டிலேட்டர் வாங்கி மாட்டுவாங்க, ஆனா கீழ காத்து உள்ள வர வழியே வெச்சிருக்க மாட்டாங்க. கீழ இருந்து காத்து வந்தா தானே மேல இருக்கிற சூடு வெளிய போகும்? சுவரோட அடியில ரெண்டு பக்கமும் காத்து நுழையுற மாதிரி ஓட்டை உள்ள ஜாலி வெச்சு விடுங்க. கூரை ஆஸ்பெஸ்டாஸா இருந்தா பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி கம்பி பிரஷ் போட்டு தேய்க்கவே தேய்க்காதீங்க, அந்த தூசி நுரையீரல் கேன்சர் வரைக்கும் கொண்டு போய் விடும், வேலை செய்றவங்க உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

முகப்பு விஷயத்துக்கு வருவோம். மேற்கு பார்த்த கடைக்கு தரையில இருந்து மேல வரைக்கும் கண்ணாடி போட்டு, சுத்தி ஏசிபி ஷீட் (அலுமினியம் ஒட்டின பலகை) அடிச்சு, பார்க்க ஷோரூம் மாதிரி ஆக்கிடுறாங்க. சாயங்காலம் நாலு மணி வெயில் நேரா உள்ள வந்து விழும், அப்புறம் உள்பக்கம் திரை போடுவாங்க. கண்ணாடிய தாண்டி உள்ள வந்த சூடு உள்ளயே தான் இருக்கும், திரை அத வெளிய அனுப்பாது. தடுக்கிறத வெளிய தான் தடுக்கணும். அதுவும் மேற்கு வெயில் தாழ்வா வர்றதால தலைக்கு மேல நீட்டுற சன்ஷேடு மட்டும் போதாது, மூங்கில் தட்டியோ வெட்டிவேர் தட்டியோ செங்குத்தா தொங்க விட்டா தான் பலன்.

ஏசி வாங்குறப்போ "எதுக்கும் பெருசா போடுவோம்"னு 2 டன் போடாதீங்க, மேல சொன்னதெல்லாம் பண்ணின பிறகு அளவு கேளுங்க, ஒன்றரை டன்லயே முடியலாம். ஸ்டார் மட்டும் பார்க்கிறதும் தவறு, அந்த லேபிள் எந்த காலத்துக்குனு அதுலயே போட்டிருக்கும், விதிய அப்பப்போ இறுக்குறதால பழைய ஸ்டாக்ல இருக்கிற 5 ஸ்டார் இன்னைக்கு கணக்குல 4 ஸ்டாரோ 3 ஸ்டாரோ தான். சமையலறை எக்ஸாஸ்ட்ட ஃபுல்லா ஓட விட்டுட்டு பக்கத்து ஹால்ல ஏசி போடுற மெஸ்காரங்களுக்கு ஒண்ணு, நடுவுல கதவு இல்லனா உங்க குளிர் காத்து முழுக்க புகையோட சேர்ந்து வெளிய போகுது.

இதெல்லாம் முடிச்ச பிறகு தாராளமா சோலார் போடுங்க. ஆனா 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபா மானியம்னு யாராச்சும் சொன்னா நம்பிடாதீங்க, 2024ல வந்த பிஎம் சூர்ய கர் திட்டம் வீடுகளுக்கு மட்டும் தான், கடைக்கு கிடையாது. கமர்சியல் சர்வீஸ்ல சோலார்ல வர்ற யூனிட்ட பில்லுல எப்படி கழிப்பாங்க, என்ன கட்டணம் வரும்னு இபி ஆபீஸ்ல நேர்ல போய் கேட்டுட்டு அட்வான்ஸ் குடுங்க. நிறைய பேருக்கு இன்னும் தெரியாத ஒண்ணு, பேட்டரி இல்லாம இபி லைனோட சேர்த்து ஓடுற ஆன்கிரிட் சோலார், கரண்ட் கட் ஆனா சேர்ந்தே நின்னுடும், கம்பத்துல ஏறி வேலை செய்ற லைன்மேனுக்கு ஷாக் அடிக்க கூடாதுனு தான் அப்படி வெச்சிருக்காங்க. கரண்ட் கட்டுக்கு பேக்கப்புனு நினைச்சு வாங்கிட்டு சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல. வாட்டர் டேங்க் நிழல் ஒரு பேனல்ல விழுந்தா கூட அதோட தொடர்ல இருக்கிற மத்த பேனலோட உற்பத்தியும் குறையும், அதனால காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ மாடி ஏறி நிழல் எங்க விழுதுனு பாருங்க. ஸ்டாண்டுக்கு தளத்துல ஓட்டை போட்டா அந்த இடத்துல வாட்டர் ப்ரூஃபிங்க அவங்களே சரி பண்ணி தரணும்னு எழுதி வாங்குங்க.

தண்ணி. மழைநீர் சேகரிப்பு 2003லயே தமிழ்நாட்டுல கட்டாயமாச்சு, குழாய் நிறைய கட்டடத்துல இருக்கு, குழி தான் மண்ணு மூடி கிடக்கு. 1000 சதுர அடி மாடியில 1 செ.மீ. மழை பெஞ்சா சுமார் 900 லிட்டர், அத்தனையும் ரோட்டுக்கு போகுது. புரட்டாசியிலயே ஜல்லியையும் மணலையும் எடுத்து கழுவி போட்டுடுங்க. மாடித் தண்ணிய வடிகட்டாம நேரா போர்ல விடாதீங்க, நிலத்தடி தண்ணியே கெட்டுப் போகும்.

பசுமைக் கட்டடம்னு இந்திய பசுமைக் கட்டட கவுன்சில் குடுக்கிற ஐஜிபிசி சர்டிபிகேட் பத்தியும் கேட்கிறாங்க. ஏற்றுமதி ஆர்டர்ல பையர் கேட்டா வாங்குங்க, 600 சதுர அடி கடைக்கு அந்த காச மாடிக்கு செலவு பண்றது மேல்.

கடைசியா, நம்மள்ல நிறைய பேர் வாடகைக் கட்டடத்துல தான் தொழில் பண்றோம். கூலிங் டைல்ஸ் பதிச்சுட்டு அடுத்த வருஷமே ஓனர் காலி பண்ண சொன்னா அது அவருக்கு தான் போகும். பிரிச்சு எடுத்துட்டு போக முடியுற ஃபேன், லைட், ஏசி, தட்டி இதெல்லாம் உங்க செலவுல வாங்குங்க, தளத்துலயும் சுவருலயும் பண்ற வேலைய ஓனர் கிட்ட பேசி வாடகையில மாசா மாசம் கழிச்சுக்கிற மாதிரியோ அக்ரிமென்ட்ட அஞ்சு வருஷத்துக்கு நீட்டிக்கிற மாதிரியோ எழுத்துல வாங்கிட்டு, அதுக்கப்புறம் கொத்தனார வர சொல்லுங்க.