இரண்டு டிராக்டர் ஏற்ற எத்தனை அடி டிரெய்லர்?

சம்பா உழவுக்கு மன்னார்குடி பக்கம் போன முதல் வருஷம், டிராக்டரின் நீளத்தை மட்டும் அளந்தேன். 45 ஹெச்பி வண்டி ஏறக்குறைய 12 அடி. இரண்டுக்கு 24 அடி போதும் என்று டிரெய்லர் பேசிவிட்டேன். வண்டிக்குப் பின்னால் மாட்டும் சுழல் கலப்பையான ரோட்டவேட்டரை மறந்தே போனேன்! கடைசியில் அதைக் கழற்றி, தனியாக ஒரு மினி லாரி பிடிக்க வேண்டியதாயிற்று.

அதனால் ரோட்டவேட்டரை மாட்டியபடியே, முன் பம்பரிலிருந்து கடைசி இரும்புவரை டேப் வைத்து அளங்கள். என் வண்டிக்கு 15 அடி வருகிறது. இரண்டு வண்டிக்கு 30, நடுவில் ஆள் நுழைந்து சங்கிலி முறுக்க 2 அடி. ஆக 32 அடி.

அகலத்துக்குப் பெரிய கணக்கு வேண்டாம். சேற்று உழவுக்கு மாட்டும் இரும்புச் சக்கரமான கேஜ் வீலைக் கழற்றிவிட்டால் 8 அடித் தளமே தாராளம்.

எடைதான் முக்கியம். வண்டி 2 டன், ரோட்டவேட்டர் அரை டன். இரண்டு ஜோடிக்கு 5 டன். கேஜ் வீல், டீசல் கேன் எல்லாம் சேர்த்து 6 என்று வையுங்கள். டிரெய்லர் 8 டன்னாவது தாங்குமா என்று ஆர்.சி.யில் பாருங்கள், ஓட்டுநர் சொல்வதை நம்ப வேண்டாம்.

அப்புறம், பாரம் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் விழும்படி நிறுத்துங்கள். பின்பாரம் கூடினால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டும்.