ல, ள, ழ: உங்கள் நாக்கு எங்கே போகிறது என்று நீங்களே பாருங்கள்

பேச்சொலி பிறக்க மூன்று இடங்களில் வேலை நடக்கிறது. நுரையீரல் காற்றை மேலே தள்ளுகிறது. குரல்வளையில் இருக்கும் குரல்நாண்கள் அந்தக் காற்றில் அதிர்கின்றன, அல்லது விலகி நின்று வழிவிடுகின்றன. அதன்பின் நாக்கு, அண்ணம், உதடு, மூக்கு எல்லாம் சேர்ந்து ஒலிக்கு வடிவம் கொடுக்கின்றன. இதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட வாயில் செய்து பார்ப்பது எளிது. ஃப்ளாஷ் உள்ள செல்போன், ஒரு டீஸ்பூன் கோகோ பவுடர், சில சொட்டு தேங்காய் எண்ணெய், பட்ஸ், டிஷ்யூ பேப்பர் இருந்தால் போதும்.

படி 1: தொண்டை

கழுத்தின் முன்பக்கம், குரல்வளை மேட்டின்மீது இரண்டு விரல்களை வையுங்கள். 'ஸ்ஸ்ஸ்' என்று நீட்டினால் விரலில் ஒன்றும் தெரியாது. 'ம்ம்ம்' என்றால் கிறுகிறுவென்று அதிரும். வளர்ந்த ஆண்களின் குரல்நாண்கள் சாதாரணப் பேச்சில் நொடிக்கு ஏறத்தாழ 100 முதல் 130 முறையும், பெண்களின் குரல்நாண்கள் ஏறத்தாழ 200 முறையும் அதிர்கின்றன.

இப்போது 'பக்கம்', 'தங்கம்' இரண்டையும் மெதுவாகச் சொல்லுங்கள். 'க்க' வரும் இடத்தில் அதிர்வு ஒரு கணம் நின்று போகும், 'ங்க'வில் நிற்காது. எழுத்து ஒன்றுதான், தொண்டை செய்யும் வேலை வேறு. கிசுகிசுத்துச் சொன்னால் இந்தச் சோதனை பலிக்காது, ஏனென்றால் கிசுகிசுப்பில் குரல்நாண்கள் அதிர்வதே இல்லை. அதேபோல் 'ஸ' என்று உயிரோடு சேர்த்துச் சொல்லாதீர்கள். அகரத்தின் அதிர்வு குழப்பிவிடும்.

படி 2: மூக்கு

'ம்ம்ம்' என்று நீட்டிக்கொண்டே மூக்கைப் பொத்துங்கள். ஒலி உடனே அடைபடும். 'ல்ல்ல்' சொல்லிப் பொத்தினால் ஒன்றும் மாறாது. உள்நாக்கு தொங்கும் மென்மையான அண்ணம் கீழே இறங்கினால் மூக்கு வழி திறக்கும், மேலே எழுந்தால் மூடும். சளி பிடித்தவர் 'ம' சொன்னால் 'ப' பக்கம் சாய்வதும் இதனால்தான்: உதடும் மூடியிருக்கிறது, மூக்கும் அடைத்திருக்கிறது.

படி 3: உயிர் எழுத்துகள்

'ஈ', 'ஊ' இரண்டையும் கிசுகிசுத்துச் சொல்லுங்கள். குரல்நாண் அதிராதபோதும் 'ஈ' கீச்சென்றும் 'ஊ' கனமாகவும் கேட்கும். நாக்கும் உதடும் வாய்க்குழியின் வடிவத்தை மாற்றுவதால் வரும் வேறுபாடு இது.

படி 4: காற்றை உள்ளிழுத்துப் பார்ப்பது

பலரும் தடுமாறுகிற ல, ள, ழ மூன்றுக்கும் இதைவிட நல்ல வழி இல்லை. 'ல்ல்ல்' என்று நீட்டுங்கள். நாக்கை அப்படியே அசையாமல் வைத்து, குரலை நிறுத்திவிட்டு, வாய்வழியாகக் காற்றை வேகமாக உள்ளே இழுங்கள். காற்று நுழைகிற இடுக்கு ஜில்லென்று இருக்கும். 'ல'வில் அந்தக் குளிர்ச்சி நாக்கின் ஓரங்களில் தெரியும். 'ள'விலும் ஓரம்தான், ஆனால் நுனி இன்னும் பின்னால் வளைந்து அண்ணத்தைத் தொட்டிருக்கும். 'ழ'வில் குளிர்ச்சி நடுவில் ஓடும். நாக்கின் ஓரங்கள் கடைவாய்ப் பற்களை ஒட்டியிருக்க, நுனி மேலே வளைந்து எதையும் தொடாமல் நிற்பதே காரணம். நுனிநா வளைந்து அண்ணத்தை வருடினால் ழகரம் பிறக்கும் என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் சொல்கிறது. இன்றைய பேச்சில் நாக்கு அண்ணத்துக்கு அருகிலேயே நின்றுவிடுகிறது.

படி 5: கோகோ அச்சு

கோகோவை எண்ணெயில் குழைத்துக் கெட்டியான களிம்பாக்குங்கள். நாக்கை டிஷ்யூவால் ஒற்றி, நுனி, ஓரங்கள், நுனியின் அடிப்பக்கம் எல்லாவற்றிலும் பட்ஸால் பூசுங்கள். 'ஆலா' என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள். வாயை மூடாமல், விழுங்காமல், தலையைப் பின்னால் சாய்த்து ஃப்ளாஷ் போட்டு மேலண்ணத்தைப் படம் எடுங்கள். வாய் கொப்பளித்துவிட்டு, மறுபடி பூசி 'ஆளா', அப்புறம் 'ஆழா'.

'ஆலா'வில் மேல்முன்பற்களுக்குப் பின்னால் ஈறின்மேல் கறை இருக்கும். 'ஆளா'வில் அது பின்னால் தள்ளி, அண்ணம் குழிய ஆரம்பிக்கும் இடத்தில் விழும். 'ஆழா'வில் நடு அண்ணம் சுத்தமாக இருக்கும், கடைவாய்ப் பக்கங்களில் மட்டும் கோடுபோல் ஒட்டியிருக்கும். இரண்டு முறை சொன்னாலோ எச்சில் ஊறினாலோ அச்சு கலைந்துவிடும். 'ஈளீ' என்று சொல்லாதீர்கள். 'ஈ'க்கே நாக்கு மேலே எழுந்து அண்ணத்தின் ஓரங்களைத் தொடும், எது எதன் கறை என்று பிரிக்க முடியாது.

ழகரம் வராவிட்டால்

நடு அண்ணத்தில் கறை இருந்தால் நீங்கள் சொல்வது 'ள'. நுனியைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். 'வாயப்பயம்' என்று 'ய' விழுந்தால் நுனி கீழேயே கிடக்கிறது, நடுநாக்கு மட்டும் எழுகிறது, நுனியை வளையுங்கள். 'ர' விழுந்தால் நாக்கு தட்டிவிட்டுத் திரும்புகிறது. 'ழ்ழ்ழ்' என்று மூன்று நொடி நிறுத்திப் பழகினால் அந்தத் தட்டல் போய்விடும்.

முதலில் அலை, அளை, அழை. பிறகு வால், வாள், வாழ். 'விழி', 'கிழி' போன்றவற்றைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்: இகரத்துக்காக முன்னால் எழும்பி நிற்கும் நாக்கு சட்டென்று பின்னால் வளைய வேண்டியிருப்பதால் இவைதான் கடினம்.